எல்லாக் கணினியும் ஒரே கம்பெனியின் கையில்: மருத்துவமனை பயப்பட வேண்டுமா?

டெல்டா மாவட்டம் ஒன்றில் 70 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் எழுதிய கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அங்கே 64 கணினிகள், எல்லாமே விண்டோஸ். நோயாளிப் பதிவு, பில்லிங், பார்மஸி, லேப் என்று எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருளும் விண்டோஸ் சர்வரில்தான் ஓடுகிறது. மின்னஞ்சலும் மைக்ரோசாஃப்ட்டுடையதே. நிறுவனரின் மகனான 'சின்ன டாக்டர்', "எல்லாம் ஒரே கம்பெனியின் கையில் இருப்பதுதான் பெரிய ஆபத்து. மூன்று மாதத்தில் முழுக்க லினக்ஸுக்கு மாறிவிட வேண்டும்" என்கிறார். (லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்.) 2003-இல் வந்த ஓர் அமெரிக்க அறிக்கையையும், 2024 ஜூலையில் விமான நிலையங்கள் முடங்கியதையும் ஆதாரமாகக் காட்டுகிறார். கணினி சப்ளை செய்யும் டீலர் நேர் எதிர். மின்னஞ்சல், பேக்கப், வைரஸ் தடுப்பு எல்லாவற்றையும் அதே கம்பெனியின் ஒரே பேக்கேஜில் எடுத்தால்தான் பாதுகாப்பு என்று மூன்று ஆண்டுக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். "யார் சொல்வது சரி? ஏகபோகமே சட்டவிரோதம்தானே? நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?" என்பது அலுவலரின் கேள்வி. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், இன்னும் இரண்டு தகவல்: எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்கும் கணினியான கன்சோல் இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடுகிறது, வார்டுகளில் உள்ள ஏழெட்டுக் கணினிகளுக்கு லைசென்ஸ் இல்லை, "யாரோ ஆக்டிவேட் செய்து கொடுத்தார்கள்."

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சின்ன டாக்டரின் பயம் நியாயமானது, ஆனால் அவர் சொல்லும் வைத்தியம் உங்கள் மருத்துவமனைக்கு ஒத்துவராது. டீலரின் கொட்டேஷனில் பாதி உங்களுக்குத் தேவைப்படலாம், ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. இரண்டையும்விட என்னை உறுத்தியது கடைசியில் நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிதான்.

அந்த 2003 அறிக்கை

அதை எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. டான் கீர், புரூஸ் ஷ்னையர் உள்ளிட்ட ஏழு பாதுகாப்பு நிபுணர்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் கெட்ட நிரல்), மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, பத்தே நிமிடத்தில் உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளைப் பிடித்தது. ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற இன்னொரு புழு வந்தது. செப்டம்பரில் இந்த அறிக்கை. அவர்களுடைய வாதம் விவசாயத்திலிருந்து எடுத்தது: ஊர் முழுக்க ஒரே ரக வாழை போட்டால், வாடல் நோய் வரும்போது ஒரு தோட்டம் கூட மிஞ்சாது. விண்டோஸ் மோசமான மென்பொருளா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். எல்லாரும் ஒரே நேரத்தில் விழுவதுதான் அவர்களுடைய கவலை. அதனால்தான் முக்கியத் துறைகளில் எந்த ஒரு இயங்குதளமும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள்.

அறிக்கை வந்ததும் கீருக்கு வேலை போனது. அவர் இருந்த நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் வாடிக்கையாளர். இன்னொரு பக்கம், அறிக்கையை வெளியிட்டது மைக்ரோசாஃப்ட்டின் போட்டியாளர்கள் அங்கம் வகித்த தொழில் சங்கம். இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் வெளியிட்டவர் யாராக இருந்தாலும் வாதம் சரியானதே. பிறகு நடந்தவை அதைப் பெரும்பாலும் உறுதிதான் செய்தன.

ஒரு விஷயம் மட்டும் சின்ன டாக்டர் கவனிக்காமல் விட்டிருக்கிறார். அந்த அறிக்கை அரசாங்கங்களுக்கு எழுதப்பட்டது. நாட்டின் மருத்துவமனைகள், வங்கிகள், மின் வாரியங்கள் எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடலாமா என்பது டெல்லியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி. உங்களுடைய 64 கணினிகளை மாற்றினால் அந்தக் கணக்கு ஒரு துளிகூட மாறாது. உங்கள் கேள்வி வேறு: ஏதாவது ஒன்று விழுந்தால், என் மருத்துவமனையில் அதோடு சேர்ந்து எதெல்லாம் விழும்? அந்த 'ஒன்று' மைக்ரோசாஃப்ட்டாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

எது ஏகபோகத்தின் குற்றம், எது இல்லை

முதலில் உங்கள் துறையிலேயே நடந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை முடக்கியது. 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. ஓட்டை விண்டோஸுடையது. ஓட்டையைத் துளைக்கும் கருவி அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விடமிருந்து கசிந்தது. உலகமெங்கும் விண்டோஸ் இருந்ததால்தான் அது அவ்வளவு தூரம் ஓடியது. இதுவரை சின்ன டாக்டர் பக்கம்தான் நியாயம். ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. அதைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். இரண்டு மாதமாகப் போடாதவர்களும், அப்டேட்டே வராத பழைய விண்டோஸை வைத்திருந்தவர்களும் மாட்டினார்கள்.

அடுத்தது டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று சர்வர்கள் பூட்டப்பட்டு, ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை பல நாட்கள் கையால் எழுதினார்கள். நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. அதாவது, ஒரு மூலையில் நுழைந்தவனுக்கு எல்லா அறைக்கும் வழி இருந்தது. இதில் ஏகபோகத்துக்குப் பங்கே இல்லை. அதே குறை லினக்ஸிலும் அதே விளைவைத்தான் தரும்.

விமான நிலையக் கதையைச் சின்ன டாக்டர் கொஞ்சம் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார். 2024 ஜூலை 19 அன்று நம் ஊர் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அதற்குக் காரணம் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய அப்டேட் அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட். சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. உலகில் உள்ள விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு! ஆனால் அந்த ஒரு சதவீதம்தான் விமானங்களையும் வங்கிகளையும் மருத்துவமனைகளையும் ஓட்டிக்கொண்டிருந்தது. ஏகபோகம் இயங்குதளத்தில் மட்டும் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காவலுக்கு வைத்த மென்பொருளிலும் வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நம் நாட்டிலேயே அதே மாதக் கடைசியில் இன்னொன்று நடந்தது. சி-எட்ஜ் என்ற ஒரு தொழில்நுட்ப நிறுவனம் ரான்சம்வேரில் சிக்க, அதை நம்பியிருந்த சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. அங்கே எல்லாரும் சாய்ந்திருந்தது ஒரு சேவை நிறுவனத்தின் மேல்.

சின்ன டாக்டர் சொல்லாமல் விட்ட, ஆனால் அவருக்குச் சாதகமான ஒரு சம்பவம் இருக்கிறது. டீலரின் கொட்டேஷனைப் படிக்கும்போது அதை நினைவில் வையுங்கள். 2023-இல் சீனாவோடு தொடர்புடைய ஒரு குழு, உள்நுழைபவர் அசல் ஆள்தான் என்று உறுதிசெய்யப் பயன்படும் மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி ஒன்றைக் கைப்பற்றி, அதை வைத்து அமெரிக்க வர்த்தக அமைச்சர் உள்ளிட்டோரின் அஞ்சல் பெட்டிகளுக்குள் போனது. வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மின்னஞ்சல்கள் போயின. இது தடுத்திருக்கக்கூடியது, அந்த நிறுவனத்தின் பாதுகாப்புக் கலாச்சாரம் போதாது என்று அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு 2024 ஏப்ரலில் கடுமையாகவே எழுதியது. வெளியுறவுத் துறை எப்படிக் கண்டுபிடித்தது தெரியுமா? கூடுதல் காசு கொடுத்து யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று காட்டும் விரிவான பதிவேட்டு வசதியை வாங்கியிருந்ததால். வாங்காதவர்களுக்குத் தடயமே தெரிந்திருக்காது. சம்பவம் வெளியே வந்து விமர்சனம் எழுந்த பிறகுதான் அந்தப் பதிவேடுகள் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கூடுதல் கட்டணமில்லாமல் திறக்கப்பட்டன. சந்தையில் போட்டி உண்மையாகவே இருந்திருந்தால் அந்த வசதி முதலிலேயே உள்ளே வந்திருக்கும் என்பது என் கருத்து.

ஆக, கம்பெனி தன் வீட்டில் செய்யும் தவறு உங்களையும் தாக்கும். உங்கள் கணினியை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும் அதை உங்களால் தடுக்க முடியாது. 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு, ஐரோப்பியத் தடைகளைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றுபோயின. அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு சேவை திரும்ப வந்தது. 70 படுக்கை மருத்துவமனைக்கு யாரும் தடை விதிக்கப் போவதில்லை. ஆனால் சந்தா புதுப்பிக்க மறந்து ஒரு திங்கட்கிழமை காலையில் கணக்கு முடங்குவது நடக்கக்கூடியதுதான்.

லினக்ஸ் வந்துவிட்டால் தீர்ந்ததா?

விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட புழுக்கள் லினக்ஸில் ஓடாது, அந்த அளவுக்கு லாபம் உண்டு. ஆனால் "லினக்ஸுக்கு வைரஸ் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 மார்ச்சில், லினக்ஸ் உலகில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்.இசட். என்ற சிறு நிரலுக்குள் ஒருவர் நீண்ட காலம் நல்லபிள்ளையாக உழைத்து, கடைசியில் திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசலை ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்தது. கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டப்போய்ப் பிடித்தார். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்ட்டில்! இந்தத் தகவலைச் சின்ன டாக்டரிடம் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

நடைமுறைச் சிக்கல் இன்னும் பெரியது. உங்கள் மருத்துவமனை மென்பொருள் விண்டோஸுக்கென எழுதப்பட்டது. கணக்குப் பிரிவின் டேலியும் அப்படியே. ஆடிட்டர் கொண்டுவரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், லேப் இயந்திரத்தையும் கணினியையும் இணைக்கும் சின்ன நிரல், லேபிள் பிரிண்டரின் டிரைவர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால்தான் எவ்வளவு இறுக்கமாகப் பின்னிக்கிடக்கிறது என்று தெரியும். ஏகபோகத்தின் உண்மையான பிடி இங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பத்தாண்டு உழைத்து லினக்ஸுக்கு மாறி, 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. லினக்ஸ் ஆகாத காரியம் என்று இதற்கு அர்த்தமில்லை. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக அதில்தான் ஓடுகின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் கோளாறு பார்க்கவும் அரசே தனி அமைப்பு வைத்திருக்கிறது. உங்களிடம் இருப்பது கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு இ.டி.பி. பையன். அவனும் மாதத்தில் பாதி நாள் சிசிடிவி கேமரா பார்க்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்தில் முழு மாற்றம் என்றால், நான்காவது மாதம் பார்மஸியில் பில் போட முடியாமல் வரிசை நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

சந்தையில் ஆதிக்கம் செலுத்துவது நம் போட்டிச் சட்டத்தின்படி குற்றமில்லை. அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதுதான், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, தடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் புகார் செய்ய இந்தியப் போட்டி ஆணையம் இருக்கிறது, ஆனால் உங்கள் மருத்துவமனையின் பாதுகாப்புக்கு அந்த வழி உதவாது. நஷ்டஈடும் அப்படித்தான். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொடுக்கி ஏற்ற ஒப்பந்தங்களில் கம்பெனியின் பொறுப்பு பொதுவாக மிகச் சிறிய தொகைக்குள் கட்டப்பட்டிருக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

உங்கள் பக்கம் இருக்கும் பொறுப்புதான் பெரிது. பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வரும். நோயாளித் தகவலைப் போதிய அளவு காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு, எல்லாருக்கும் அவ்வளவு போட மாட்டார்கள். ஆனால் "மென்பொருள் கம்பெனியின் தவறு" என்ற பதில் மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

அப்புறம் அந்த லைசென்ஸ் இல்லாத கணினிகள். தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. என் கவலை அதோடு நிற்கவில்லை. இலவசமாக 'ஆக்டிவேட்' செய்யும் நிரல்களில் பல, வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். அதற்குள் வேறு என்ன வந்தது என்று போட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. ஏகபோகம் ஆபத்தா என்று விவாதம் நடக்கும் அதே கட்டிடத்தில், வார்டு கணினியில் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியவை

எக்ஸ்ரே கன்சோல்: விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. இயந்திரம் இன்னும் பல ஆண்டு ஓடும், அதனால் கன்சோலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நெட்வொர்க்கில் அதைத் தனியாகப் பிரித்துவையுங்கள். இணையம் கூடாது, மின்னஞ்சல் கூடாது, பென் டிரைவ் கூடாது. படங்களைச் சேமிக்கும் சர்வர் ஒன்றோடு மட்டும் அது பேசினால் போதும். உங்களிடம் இருக்கும் ஸ்விட்ச் 'மேனேஜ்டு' வகையாக, அதாவது நெட்வொர்க்கைப் பிரிக்க வசதி உள்ளதாக இருந்தால் இ.டி.பி. பையனே ஒரு மாலையில் இதைச் செய்துவிடலாம். "அப்டேட் போட்டால் வாரண்டி போய்விடும்" என்று ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆட்கள் வாய்மொழியாகச் சொல்வார்கள். எந்த அப்டேட் போடலாம், எது கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பல நேரம் பதிலே மாறும்.

பேக்கப்: நான் ஆய்வுக்குப் போகும் இடங்களில் அடிக்கடி பார்ப்பது, பில்லிங் கவுன்ட்டர் மேஜைக்குக் கீழே சி.பி.யு.வில் எப்போதும் சொருகியே கிடக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். தூசி படிந்து, மேலே 'பேக்கப்' என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கும். ரான்சம்வேர் வந்தால் அந்தக் கணினியோடு சேர்ந்து அதுவும் பூட்டப்படும். இரண்டு டிஸ்க் வாங்குங்கள். எப்போதும் ஒன்று கழற்றப்பட்டு வேறு கட்டிடத்தில் இருக்கட்டும். மூன்றாவது பிரதி கிளவுடில் இருக்கலாம், ஆனால் மின்னஞ்சல் இருக்கும் அதே கணக்கில், அதே பாஸ்வேர்டில் வேண்டாம். கிளவுடில் இருந்தாலே பேக்கப் ஆகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும். சோதிக்கும் முறை எளிது: மூன்று மாதத்துக்கு முன் டிஸ்சார்ஜ் ஆன ஒரு நோயாளியின் சம்மரியைப் பேக்கப்பிலிருந்து மட்டும் எடுத்து, வேறு ஒரு கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

பாஸ்வேர்டு: எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு என்றால், உங்கள் மருத்துவமனையின் மிகப் பெரிய ஏகபோகம் அதுதான். மாற்றுங்கள். மென்பொருள் கம்பெனி ஆட்கள் தொலைவிலிருந்து நுழைய வைத்திருக்கும் செயலியை, தேவைப்படும்போது மட்டும் திறந்துவிடுங்கள்.

லினக்ஸ் எங்கே: சின்ன டாக்டரின் யோசனையை முழுக்கத் தள்ள வேண்டாம். லைசென்ஸ் இல்லாத அந்த ஏழெட்டு வார்டு கணினிகளில் பிரவுசர் மட்டும் போதும் என்றால், அவற்றில் லினக்ஸ் போடுங்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்படப் பல இலவசமாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டதால், விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளுக்கும் இது வழி. பேக்கப் சர்வரையும் லினக்ஸில் வைத்தால், விண்டோஸ் பக்கம் மொத்தமும் விழுந்தாலும் அது விழாமல் நிற்கும். இந்த அளவுப் பன்மை உங்களால் பராமரிக்கக்கூடியது.

காகிதம்: அச்சடித்த ஓ.பி. சீட்டு, மருந்துச் சார்ட், ரத்தம் கேட்கும் படிவம் ஒவ்வொரு தளத்திலும் ஒரு கட்டு இருக்கட்டும். கூட்டம் குறைந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஒரு மணி நேரம் கணினி இல்லாமல் வேலையை நடத்திப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்குக் கையால் சார்ட் எழுதத் தெரிகிறதா என்பது அன்றைக்குத் தெரியும்.

கொட்டேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

டீலர் சொல்லும் பேக்கேஜில் மின்னஞ்சலையும் இரண்டடுக்கு உள்நுழைவையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அளவு மருத்துவமனை சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்துவதைவிட அது எத்தனையோ மேல். பேக்கப்பை மட்டும் அவரிடமிருந்து பிரித்து வேறொருவரிடம் கொடுங்கள். மூன்று ஆண்டை ஓராண்டாகக் குறைக்கக் கேளுங்கள், தள்ளுபடி கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. விலகினால் உங்கள் தரவை எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் திருப்பித் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உள்நுழைவுப் பதிவேடுகள் எத்தனை நாள் இருக்கும், அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேளுங்கள். நிர்வாகி கணக்கு டீலரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், பணம் கட்டும் முன் அதை மருத்துவமனையின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். சின்ன டாக்டரையும் டீலரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து இவற்றைக் கேட்டால், இருவரும் எதில் ஒத்துப்போகிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கொட்டேஷன் திருத்தி வந்த பிறகு, பெயர்களை மறைத்து எனக்கு அனுப்பினால் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.